180 டிகிரி மேலே நின்ற கோடு

இந்த மாதம் ஹீலியம்-4 கருவின்மேல் நியூட்ரானை மோதவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டுரை எதற்கும் இல்லை. ஒரு சிதறலையாவது (துகள் கருவில் மோதித் திசைமாறிப் போவதை) அடிமுதல் நுனிவரை நானே எழுதிய நிரலில் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

அதற்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. ஹீலியம்-4இன் முதல் கிளர்நிலையே, அதாவது ஆற்றல் ஏறிய அடுத்த நிலையே, 20 எம்இவிக்கு (கரு இயற்பியலின் ஆற்றல் அலகு) மேலேதான் இருக்கிறது. மெதுவாக வரும் நியூட்ரானுக்கு அது அசைந்துகொடுக்காது. அதனால் ஐந்து துகள் சிக்கலை இரண்டு துகள் சிக்கலாகச் சுருக்கிவிடலாம். 47 எம்இவி ஆழமும் 2.3 ஃபெர்மி (கருவை அளக்கும் நீள அலகு) அகலமும் உள்ள, மணி வடிவில் சரியும் ஒரு காஸியன் ஈர்ப்புக் குழி, அதோடு நியூட்ரானின் தற்சுழற்சியையும் அது சுற்றும் இயக்கத்தையும் பிணைக்கும் ஸ்பின்-ஆர்பிட் விசை, அவ்வளவுதான். துகளின் அலையைத் தரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நூமரவ் என்ற எண்கணிப்பு முறையில் படிப்படியாக நகர்த்தி, வெளியே வரும் அலை எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பார்த்தேன். அந்தத் தள்ளல்தான் ஃபேஸ் ஷிஃப்ட்.

கோண உந்தம் பூஜ்யமான எஸ் அலையில் சிக்கிக்கொண்டேன். 0.1 எம்இவியில் எனக்கு 171 டிகிரி வந்தது. அளவீடுகளிலிருந்து எடுத்த அட்டவணையில் மைனஸ் 9. உயர் ஆற்றலில் பூஜ்யத்தில் தொடங்கி, தொடர்ச்சி அறாமல் கீழே இறங்கி வந்திருந்தேன். ஆகவே கணினி 180ஐத் தப்பாகக் கூட்டியிருக்க வழியில்லை. இரண்டு நாள் நிரலை வரிவரியாகத் துழாவினேன். பிழை இல்லை.

அலைச்சார்பையே வரைந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. கருவுக்குள் ஒரு கணு, அதாவது அலை பூஜ்யமாகும் புள்ளி. ஆற்றலை மாற்றி மாற்றிப் போட்டாலும் அது இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. என் குழியில் ஒரு எஸ் கட்டுநிலை, அதாவது நியூட்ரான் குழிக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும் நிலை, இருக்கிறது. ஆனால் இயற்கையில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது: இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். ஒரே நிலையில் ஒரே மாதிரித் துகள் இரண்டு இருக்கக்கூடாது என்பது பவுலி விதி; புதிதாக வரும் நியூட்ரானுக்கு அது அங்கே இடம் தராது. அந்த நிலைக்குச் செங்குத்தாக இருக்கத்தான் அலை கணு போட்டுக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஈர்க்கும் குழி சுமார் இரண்டரை ஃபெர்மி ஆரமுள்ள கெட்டிப் பந்துபோல் தெரிகிறது. லெவின்சன் தேற்றப்படி, குழியிலுள்ள ஒவ்வொரு கட்டுநிலைக்கும் பூஜ்ய ஆற்றலில் ஃபேஸ் ஷிஃப்ட் 180 டிகிரி கூடும். 1955இல் ஸ்வான் என்ற இயற்பியலாளர், பவுலி விதியால் தடைசெய்யப்பட்ட நிலைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று காட்டினார். 171ம் மைனஸ் 9ம் ஒரே சிதறலைத்தான் சொல்கின்றன. சிதறலின் அளவைத் தீர்மானிக்கும் சைன் வர்க்கம் இரண்டுக்கும் ஒன்றே. விசைகளின் கூட்டலில் எங்குமே இல்லாத ஒரு விலக்கம் வெறும் எதிர்ச்சமச்சீரிலிருந்து (பவுலி விதியின் அடிப்படை: ஒரே மாதிரித் துகள் இரண்டை இடம்மாற்றினால் அலையின் குறி மாறும்) பிறப்பதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோண உந்தம் ஒன்றான பி அலையில் இந்தச் சங்கடம் கிடையாது. மொத்தக் கோண உந்தம் 3/2 உள்ள கோடு விறுவிறுவென ஏறி 90 டிகிரியைத் தாண்டுகிறது. நியூட்ரானின் ஆற்றல் 1.1 எம்இவி அருகே குறுக்குவெட்டு (சிதறல் நிகழும் வாய்ப்பின் அளவு) உச்சிக்குப் போவது இதனால்தான். அதுதான் ஹீலியம்-5, பிறந்த உடனே உடையும் கரு. மொத்தக் கோண உந்தம் 1/2 உள்ள கோடு சோம்பலாக ஏறுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஸ்பின்-ஆர்பிட் வலிமையைத் திருகி நானேதான் பொருத்தினேன். அது எனக்கு உறுத்துகிறது. இருதுகள் விசைகளை மட்டும் வைத்து அடிப்படையிலிருந்து கணக்கிட்டால் இந்த இடைவெளி குறைவாகவே வருகிறது. 2007இல் வந்த மான்டே கார்லோ (தற்செயல் எண்களைக் கொண்டு போடும்) கணக்கில், மூன்று துகள்கள் ஒருசேர இருக்கும்போது மட்டும் எழும் விசையைச் சேர்த்த பிறகே அளவீட்டோடு ஒட்டியது. என் ஒற்றை எண்ணுக்குள் அவ்வளவும் ஒளிந்துகிடக்கிறது.

அடுத்தது புரோட்டான். குழி அதேதான்; ஆனால் புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு, ஆகவே குழிக்கு வெளியே, விசையில்லாத அலைக்கான பெஸ்ஸல் சார்புகளை எடுத்துவிட்டு, மின் விலக்கத்தைக் கணக்கில் கொள்ளும் கூலும் சார்புகளை வைக்க வேண்டும். கணு அதே இடத்தில் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.