12 பவுண்டு டாக்ஸியும் 42 கோடி வருஷப் பாறையும்

முதலில் பஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ரயிலேறி டிப்டனில் இறங்கியாயிற்று. நான் பார்க்க வந்த, புதைபடிவப் பாறைகள் நிறைந்த ரென்ஸ் நெஸ்ட் குன்று அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான். பஸ் நிறுத்தத்துப் பலகை ‘2 நிமிடம்’ என்றது. அப்புறம் இதோ வந்துவிட்டது என்றது. அப்புறம் அந்த வரியே காணாமல் போனது, பஸ் வரவில்லை. ஜனவரிக் குளிரில் காது மரத்து நிற்கும்போது ஒரு டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி 12 பவுண்டு கேட்டார். பஸ்ஸுக்கு 3 பவுண்டுதான் உச்சவரம்பு. போங்கள் ஐயா என்று நடையைக் கட்டினேன்.

வழியெல்லாம் கால்வாய், பட்டறைகள், வரிசை வீடுகள். அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். வீடுகளுக்கு நடுவிலேயே திடீரென்று காட்டுப்பாதை ஏறுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

டட்லி, டிப்டன் பக்கம் இத்தனை இரும்பு உலைகள் வந்ததற்கு இந்தக் குன்றும் ஒரு காரணம். நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைத்தன. உலையில் கசடைப் பிரிக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதற்காகக் குன்றை உள்ளே வரை குடைந்துவிட்டார்கள். தூண்களை மட்டும் விட்டுக் குடைந்த ‘செவன் சிஸ்டர்ஸ்’ குகைகள் இடியும் நிலையில் இருப்பதால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிகிறது. அதுவே போதும், வயிறு கலங்குகிறது.

ஆனால் நான் வந்தது பாறைக்காக. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தது. அந்தக் கடலடி மணலின் அலைவரிகள் ஒரு பெரிய பாறைச்சுவர் முழுக்க அப்படியே சாய்ந்து நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளிகள் தோண்டும்போது கிடைத்த டிரைலோபைட் (அழிந்துபோன, பூச்சி போன்ற கடல் உயிரி) புதைபடிவங்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுக் காசு பார்த்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘டட்லி பக்’, அதாவது டட்லிப் பூச்சி. டட்லியின் பழைய நகரச் சின்னத்திலேயே அது இருந்தது. இந்தக் குன்றை நிலவியலுக்காகவே 1956-இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள், பிரிட்டனில் அந்த வகையில் இதுதான் முதல்.

சுத்தியல் கொண்டுபோகாதீர்கள், பாறையை உடைக்கத் தடை. சரிந்து கிடக்கும் துண்டுக் கற்களில் தேடினாலே போதும். ஈரக் கல்லொன்றைத் திருப்பினால் கடல் அல்லியின் (பூப்போல இருக்கும் கடல் விலங்கு) தண்டுத் துண்டு: அரை சென்டிமீட்டர் வட்டம், நடுவில் ஊசித்துளை, ஓரத்தில் நுண்ணிய வரிகள். கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன், விரல் விறைத்தது, பரவாயில்லை. கோடையில் வரச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இலை உதிர்ந்திருக்கும்போதுதான் பாறை முகம் முழுசாகத் தெரிகிறது. என்ன, சேறு வழுக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

வழிகாட்டிக் குறிப்பு வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சிப்ஸைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பக்கத்துக் கடைகளில் ஆரஞ்சு நிற சிப்ஸ் கிடைக்கும். ஏறக்குறைய நம்ம ஊர் பஜ்ஜிதான்: தடித்தடியாக நறுக்கிய உருளைக்கிழங்கை மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள், வெளியே மொறுமொறு, உள்ளே மாவாகக் கரைகிறது. லண்டனில் விற்கும் சிப்ஸெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. மீனும் சேர்த்தால் பட்ஜெட் எகிறும். வெறும் சிப்ஸ், உப்பு, நிறைய வினிகர் போதும். தக்காளி சாஸ் மட்டும் ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள்.