வியர்க்காத ஊரில் ஒரு மலையேற்றம்

மே, இரண்டாம் வாரம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அல்புகர்க்கிக்கு வந்து ஒன்றரை ஆண்டாகச் சமையலறை ஜன்னல் வழியாகவே சாண்டியா மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாண்டியா என்றால் ஸ்பானிய மொழியில் தர்பூசணி. பொழுது சாயும்போது மலை சிவப்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. இந்த ஆண்டு லா லூஸ் தடத்தில் நடந்தே உச்சிக்குப் போவதாகத் திட்டம். சுமார் 12 கிலோமீட்டர் நடை, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஊரே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

பயிற்சிக்கு சைக்கிள். ரியோ கிராண்ட் ஆற்றோரமாக, காட்டன்வுட் மரங்களுக்கு இடையே 26 கிலோமீட்டருக்குத் தார்ப்பாதை போகிறது. பாதி தூரம் போய்த் திரும்பினேன். பரவாயில்லை.

ஜூன், மூன்றாம் வாரம்

முதல் முயற்சி, முழுத் தோல்வி. காலை ஒன்பது மணிக்கு, ஒரே ஒரு லிட்டர் தண்ணீருடன் கிளம்பினேன். வழியில் தண்ணீர் கிடையாது என்பது தெரிந்தேதான் போனேன். நான் மதுரைக்காரன், வெயில் என்னை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. இரண்டு மணி நேரம் ஏறியும் சட்டை நனையவில்லை. வியர்க்கவே இல்லையே, உடம்பு பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். சற்று நேரத்தில் தலை விண்விண் என்று தெறிக்க, ஒரு ஜூனிப்பர் மரத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். தொப்பியைக் கழற்றினால் விளிம்பு முழுவதும் வெள்ளைக் கோடு. உப்பு! வியர்த்திருக்கிறது, வறண்ட காற்று அதை உடனுக்குடன் உறிஞ்சிவிட்டது. மதுரையில் வியர்வை முதுகில் ஓடித் தண்ணீர் குடிக்கச் சொல்லும். இங்கே அந்தத் தகவல் வருவதில்லை.

திரும்பியதும் எடை பார்த்தேன்: புறப்பட்டபோது இருந்ததைவிட 1.8 கிலோ குறைவு. குடித்த ஒரு லிட்டரையும் சேர்த்தால், மூன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்று லிட்டர் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்துக் குறித்துவைக்கிறேன். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு. எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை.

ஆகஸ்ட், முதல் வாரம்

சைக்கிள் பஞ்சர், இந்த மாதம் இரண்டாவது முறை. தார்ப்பாதையை விட்டு நாலடி ஒதுங்கி நின்றதுதான் குற்றம். சக்கரத்திலிருந்து பிடுங்கிய முள்ளை உற்றுப் பார்த்தேன்: நெருஞ்சி! இவ்வூரார் அதை ஆட்டுத்தலை முள் என்கிறார்கள். அதே மஞ்சள் பூ, தரையோடு படர்ந்த அதே கொடி. ஊர்க்காரரைப் பார்த்ததுபோல ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டு, டியூபைக் கழற்றினேன்.

மலைப் பக்கம் இரண்டாவது முயற்சியும் பாதியில் நின்றது. பதினொரு மணிக்கே மேகம் கறுத்து இடி கேட்டது. இங்கு கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்று நம்பியிருந்தேன். திறந்த பாறையில் மின்னலுக்கு இலக்காக நிற்க மனமில்லை, இறங்கிவிட்டேன்.

செப்டம்பர், கடைசி வாரம்

அதிகாலை ஐந்தரைக்குத் தலைவிளக்குடன் புறப்பட்டேன். முதுகில் நான்கு லிட்டர், அதாவது நான்கு கிலோ. தோள்பட்டை முதல் மணி நேரம் முழுக்க முணுமுணுத்தது. கள்ளியும் ஜூனிப்பரும் பின்தங்கி, பைன் மரங்கள் வந்தன. அதற்கு மேல் பாறைச் சரிவு. வளைந்து வளைந்து அதையே திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் இதுதான் கடைசி என்று நினைத்து ஏமாந்தேன். எண்ணுவதை நிறுத்திய பிறகுதான் நடை சீரானது.

முகட்டுக்குக் கீழே பாதை பிரிகிறது. வலப்பக்கம் திரும்பி ரோப்கார் நிலையத்துக்குப் போனேன். 1966 முதல் ஓடும் இந்த ரோப்காரின் பாதை 4.3 கிலோமீட்டர் நீளம். இறங்குவதற்கு மட்டும் டிக்கெட் தருகிறார்கள். மேலே வர எடுத்த நேரம் ஐந்தரை மணி. கீழே இறங்க கால் மணி நேரம்.

கீழே வந்த பிறகுதான் உறைத்தது: கார் நிற்பது லா லூஸ் தொடக்கத்தில். அங்கே போக மலையடிவாரத்தில் இன்னும் சுமார் நான்கு கிலோமீட்டர் நடை, அதுவும் ஏற்ற இறக்கமாக. இதைத் திட்டத்தில் சேர்க்காதது என் தவறு. மிச்சமிருந்த அரை லிட்டர் அதற்குச் சரியாக இருந்தது.

வீட்டில் எடை: 600 கிராம் குறைவு.