குனியாத முதுகுக்கு ஒரு சைக்கிள்

5 ஜனவரி 2025, ஞாயிறு

இந்த ஆண்டு கோவா அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் பந்தயத்துக்குப் போவதாக முடிவு. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். எனக்குக் கவலை சைக்கிளில்தான். காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டி ஒரு சாண்கூடப் போவதில்லை. இருபது வருட நாற்காலி வேலை. தொடையின் பின்தசை கயிறாக இறுகிவிட்டது.

நண்பரின் ட்ரை பைக்கை (டிரையத்லானுக்கென்றே செய்த சைக்கிள்) இரவல் வாங்கி, சென்னை அக்கரையிலிருந்து ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தேன். அவர் உடம்புக்கு அமைத்தது; முழங்கைத் திண்டு சீட்டைவிட 12 செ.மீ. தாழ்வு. முட்டுக்காட்டில் திரும்பியதும் வாடைக்காற்று எதிரே. இடுப்பு சுழல மறுத்ததால் முதுகு வில்லாக வளைந்தது, தொடை வயிற்றில் இடித்தது. போதாததற்கு ஒரு நாய் குறுக்கே வந்தது. கை ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிப் பிடிக்க முன்னே நீளும் கம்பி), பிரேக்கோ பக்கக் கைப்பிடியில். எட்டிப் பிடிப்பதற்குள் உயிர் போய் வந்தது.

8 ஜனவரி

ஒரு கடையில் உயரத்தை மட்டும் கேட்டு, "மீடியம் சரியா இருக்கும் சார்" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

11 ஜனவரி, சனி

பைக் ஃபிட்டிங் செய்யும் (உடம்புக்கேற்ப சைக்கிளை அமைத்துத் தரும்) தம்பி இரண்டு மணி நேரம் என்னை டிரெயினரில், நின்ற இடத்திலேயே, மிதிக்கவிட்டு அளந்தார்.

"எவ்வளவு குனியறீங்கங்கிறது அப்புறம்ணா. பெடல் மேல வரும்போது தொடைக்கும் வயித்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க."

இவ்வளவு நாள் இது எனக்கு உறைக்கவில்லை. ரோட் பைக்கில் சீட் குழாய் தரைக்குச் சுமார் 73 பாகைச் சாய்வு. ட்ரை பைக்கில் 76க்கு மேல், இன்னும் நிமிர்ந்து நிற்கும். சீட் முன்னே வருவதால் இடுப்பு மடங்காமல் உடம்பு மொத்தமும் முன்புறம் சாய்கிறது. அன்று என்னைப் படுத்தியது ட்ரை பைக் அல்ல, அதன் தாழ்ந்த திண்டு.

பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளத்தையும் 172.5லிருந்து 165 மி.மீ.க்கு மாற்றிக் காட்டினார். பெடல் உச்சியில் 7.5 மி.மீ. இறங்குகிறது, அடியில் கால் எட்ட சீட்டையும் அதே அளவு ஏற்றுகிறோம். ஆக, உச்சியில் தொடைக்கு 15 மி.மீ. இடம்! வயிற்றில் இடிப்பது அந்த நிமிடமே நின்றது.

14 ஜனவரி

பொங்கல். பயிற்சி இல்லை. இரவு மட்டும் ஃப்ரேம் அட்டவணைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிராங்க் சுழலும் அச்சிலிருந்து முன்குழாய் (கைப்பிடி பொருந்தும் குழாய்) உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே என்பது ரீச். இரண்டு நிறுவனங்களின் 'மீடியம்' இதில் சேருவதே இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஸ்டாக் கூடுதலாக, ரீச் குறைவாக வேண்டும். கைப்பிடிக்கடியில் ஸ்பேசர் வளையங்களை அடுக்கியும் ஏற்றலாம்தான். ஆனால் தாழ்ந்த ஃப்ரேமை வாங்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டுவானேன்?

18 ஜனவரி, சனி

முடிவு: எண்டியூரன்ஸ் ரோட் பைக் (நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கானது), 165 கிராங்க், குட்டையான ஏரோ பார், திண்டுக்கடியில் உயரக் கட்டைகள். பந்தயத்துக்கு மட்டும் என்றால் திண்டை உயர்த்திய ட்ரை பைக்கே வாங்கியிருப்பேன். வாரம் மூன்று நாள் ஈசிஆர் போக்குவரத்தில் ஓட்டுகிறவனுக்கு பிரேக் கைக்கடியில் இருக்க வேண்டும். சீட்டைக் கொஞ்சம்தான் முன்னே தள்ளினோம். அதிகம் தள்ளினால் முன்சக்கரத்தில் பாரம் ஏறி வண்டி தடுமாறும். கைப்பிடியைத் தாங்கும் ஃபோர்க் குழாயை இப்போதைக்கு வெட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டேன்; வெட்டிவிட்டால் பிறகு உயர்த்த இடமிருக்காது.

2 பிப்ரவரி, ஞாயிறு

மாமல்லபுரம் போய்த் திரும்பினேன், கிட்டத்தட்ட 70 கி.மீ. பாதித் தூரத்துக்கு மேல் ஏரோ பாரில்தான். இறங்கிய கையோடு 3 கி.மீ. ஓட்டம், முதுகு பிடிக்கவில்லை. இடது தோளில் மட்டும் ஓர் இறுக்கம். நாளை திண்டுகளை ஒரு விரற்கடை அகட்டி வைத்துப் பார்க்க வேண்டும்.