அந்த ஒரு 'ஆனா'

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் தேவைப்பட்டது. யாரும் கை தூக்கவில்லை. கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து முன்மொழிந்தார்: "சாருக்கு சாமி நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா நல்ல மனுஷன். பணம் பத்திரமா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த 'ஆனா' உறுத்தியது.

அவர் மேல் கோபமில்லை, நல்லெண்ணத்தில் சொன்னதுதான். 'தப்பு செஞ்சா சாமி கண்ணைக் குத்தும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கண் பற்றிய கவலையே இல்லாத ஒருத்தனிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பதென்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் தோன்றும். சாதாரண ஆட்களை விடுங்கள். மதச் சகிப்புக்காக 1689-இல் வெளியான தன் கடிதத்தில் அவ்வளவு வாதாடிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கே நாத்திகரை வெளியே நிறுத்திவிட்டார். வாக்குறுதியும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம்.

இந்தச் சந்தேகத்தை வில் ஜெர்வைஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011-இல் ஒரு சின்னக் கதையை வைத்து அளந்து பார்த்தார்கள். ஒருவன் காரைப் பின்னால் எடுக்கும்போது நின்றிருந்த வேனில் இடித்துவிடுகிறான். ஆட்கள் பார்க்கிறார்களே என்று இறங்கி, விவரம் எழுதுவதுபோல் பாவனை செய்து, வெற்றுத்தாளைச் செருகிவிட்டுப் போகிறான். அன்றே தெருவில் ஒரு பர்ஸ் கிடைக்கிறது. யாரும் பார்க்கவில்லை, பணத்தை எடுத்துக்கொண்டு பர்ஸைக் குப்பையில் போடுகிறான். அவன் ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா, ஆசிரியராகவும் நாத்திகனாகவும் இருக்க வாய்ப்பு அதிகமா? நாத்திக ஆசிரியரும் ஆசிரியர்தானே, அதனால் கணக்குப்படி இரண்டாவது ஒருபோதும் அதிகமாக இருக்க முடியாது. ஆனாலும் பலர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 'நாத்திகன்' இருந்த இடத்தில் 'கிறிஸ்தவன்', 'முஸ்லிம்' என்று போட்டால் அந்தத் தவறு குறைந்துவிட்டது. நாத்திகனுக்கு இணையாக வந்த வார்த்தை எது தெரியுமா? 'பாலியல் வன்கொடுமை செய்தவன்'.

இதைப் படித்தபோது எனக்குள் 'பார்த்தாயா' என்று ஒரு குரல் துள்ளியது. பாதிக்கப்பட்டவனாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். அப்புறம்தான் சாவி விஷயம் நினைவுக்கு வந்தது.

போன வருடம் பத்து நாள் வெளியூர் போனோம். வீட்டுச் சாவியைக் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். மாடியில் என் நண்பன், இருபது வருடப் பழக்கம், என்னைப் போலவே எதையும் கும்பிடாதவன். எதிரே, விடிந்தால் பிரார்த்தனைச் சத்தம் கேட்கிற வீட்டு அம்மா. நான் நேரே போய் அந்த அம்மா கதவைத்தான் தட்டினேன். "என்கிட்ட குடுத்திருக்கலாமேடா" என்றான் நண்பன். "நீ தூங்குமூஞ்சி" என்று சமாளித்தேன். அது பொய் என்று இப்போது தெரிகிறது. அந்த அம்மாவின் பக்தியே எனக்கு ஒரு பூட்டு மாதிரி தோன்றியிருக்கிறது.

2017-இல் ஜெர்வைஸும் வேறு சில ஆய்வாளர்களும் இந்தியா உட்பட 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இன்னும் கொடூரமான ஒரு கதையைச் சொல்லிக் கேட்டார்கள். கொலைகாரன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்று ஊகிக்கும் சாய்வு, நம்பிக்கை உள்ளவன் என்று ஊகிப்பதைவிடச் சுமார் இரண்டு மடங்கு. நாத்திகர்களும் அப்படியே ஊகித்தார்கள். ஆக, நானும் என் நண்பனும் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிற கூட்டம்!

சரி, சங்கத்துப் பணம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு ஒருவர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. காவல்துறை நன்றாக வேலை செய்வதை நினைவூட்டினால் நம்பிக்கையாளர்களுக்கு நாத்திகர்கள் மேலுள்ள அவநம்பிக்கை குறைகிறதாம். மேலே பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஒருவர் பார்த்தால் போதும் போலிருக்கிறது.

பின்லாந்து ஆய்வாளர்கள் செய்ததுதான் என்னை உண்மையில் அசைத்தது. நாத்திகர்களை உட்காரவைத்து, விரலில் வியர்வை அளக்கும் கருவியை மாட்டி, 'கடவுளே, முடிந்தால் என் பெற்றோரை மூழ்கடித்துப் பார்' என்கிற மாதிரி வாக்கியங்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். பக்தர்களுக்கு வியர்த்த அளவுக்கு அவர்களுக்கும் வியர்த்தது. கடவுளை இழுக்காமல் அதே கெடுதலை வெறும் ஆசையாகச் சொன்னபோது அவ்வளவு இல்லை.

நேற்று ராத்திரி நானும் முயன்றேன். பெற்றோர் இப்போது இல்லை, அதனால் மகளின் பெயரை வைத்து வாக்கியத்தை மனதுக்குள் கோர்த்துக்கொண்டேன். வெறும் சொல்தானே, கேட்க யார் இருக்கிறார்கள்? பக்கத்து அறையில் அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 'கடவுளே' வரைக்கும் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை.

"என்னப்பா?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்லம்மா, படி" என்றேன்.