ஹம்ஸா ஆடுகிற இடம்

இங்கிலாந்தின் லெஸ்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ், குஜராத்தி, வங்காளப் பிள்ளைகள் கலந்து ஆடும் அணி. மைதான ஓரத்தில் நிற்கும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான். "தம்பி, என்ர மகனை முன்னுக்கு விடுங்கோவன். கோல் அடிச்சால்தானே ஆராவது கவனிப்பினம்?" யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டபோது, அவரிடம் நான் சொன்ன பெயர், வங்காளதேசத்துக்காக ஆடும் ஹம்ஸா சௌத்ரி.

ஹம்ஸா எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1997-இல் லஃப்பரோவில் பிறந்தவர். அம்மா வங்காளதேசக் குடும்பம், பெற்ற அப்பாவின் வழி கரீபியனில் இருக்கும் கிரெனடா. வளர்ப்புத் தந்தையும் வங்காளதேசத்தவர்தான். வங்காளதேசத்தின் ஹபிகஞ்ச் மாவட்டத்தில் இருக்கும் குடும்பத்தின் ஊருக்குச் சிறு வயதிலிருந்தே போய்வந்ததால் அந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்கு நன்றாக வரும். ஏழு வயதில் லெஸ்டர் சிட்டி அகாடமியில் சேர்ந்தார். பர்ட்டன் ஆல்பியன் என்ற கிளப்புக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, போய் ஆடித் தேறினார். 2017 நவம்பரில் பிரீமியர் லீகில் முதல் ஆட்டம். தெற்காசிய வேர் உள்ள முகத்தை அந்த லீகில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்றும் அது பெரிதாக மாறவில்லை.

அவருடைய வேலை கோல் அடிப்பதல்ல. பின்கள வீரர்களுக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை வெட்டுவது, பந்து கிடைத்ததும் அருகிலிருப்பவருக்குச் சிக்கலில்லாமல் கொடுத்துவிடுவது. நேரில் ஆட்டம் பார்க்கப் போனால் நான் பந்தை விட்டுவிட்டு, இந்த இடத்தில் ஆடுகிறவரின் தலையைத்தான் பார்ப்பேன். பந்து இன்னொருவர் காலில் இருக்கும்போதே இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதெல்லாம் பந்து காலுக்கு வருமுன்பே முடிவாகியிருக்கும். டிவி கேமரா பந்தோடு போய்விடுவதால் இது வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடக் கடினமான ஒன்று கால்பந்தில் இல்லை என்பது என் எண்ணம்.

இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 2021 இறுதியாட்டத்தில் லெஸ்டர் செல்சியை 1-0 என்று வென்றது. கிளப்பின் சரித்திரத்தில் முதல் எஃப்.ஏ. கோப்பை. கடைசிக் கட்டத்தில் ஹம்ஸாவை இறக்கினார்கள். முன்னிலையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் நம்பி இறக்கப்படுவது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் கிளப்பில் அவர் இடம் நிலைக்கவில்லை. சில நாள் வலப்பக்கப் பின்களத்தில் ரைட் பேக், பல நாள் பெஞ்ச், அப்புறம் வாட்ஃபோர்டுக்கும் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கும் கடன். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியிருந்தார், சீனியர் அணியிலிருந்து அழைப்பு வரவில்லை.

2024-இல் வங்காளதேசப் பாஸ்போர்ட் வாங்கினார், டிசம்பரில் அந்த நாட்டுக்கு ஆட ஃபிஃபா அனுமதி வந்தது. 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் வங்காளதேசத்துக்காக இந்தியாவுக்கு எதிராக முதல் ஆட்டம், 0-0. இங்கிலாந்து கூப்பிடாததால்தான் போனார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். 27 வயதில், கிளப்பிலேயே இடம் உறுதியில்லாத நிலையில், டாக்காவுக்குப் பறந்து ஆடிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கிளப்புக்கு ஓடுவது உடம்பை வாட்டுகிற வேலை. மனசு இல்லாதவர் அதைச் செய்ய மாட்டார்.

வங்காளதேச அணியில் அவர் பார்க்க வேண்டிய வேலையே வேறாக இருந்தது. பூட்டானுக்கு எதிராக டாக்காவில் தலையால் முட்டி கோல். ஹாங்காங்குக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் கோல். நேபாளத்துக்கு எதிராக இரண்டு, அதில் ஒன்று, பின்பக்கமாகச் சாய்ந்து தலைக்கு மேலே காலால் அடிக்கும் பைசைக்கிள் கிக். லெஸ்டரில் ஐந்து கஜ பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தவரைச் சுற்றித்தான் அங்கே அணியின் ஆட்டமே நடக்கிறது. டென்மார்க்கில் பிறந்த ஜமால் புய்யான் அவருக்கு முன்பே 2013-இல் இந்த வழியில் வந்து, கேப்டனும் ஆனார். ஹம்ஸாவுக்குப் பின்னால் கனடாவிலிருந்து ஷமித் ஷோம் வந்தார்.

இந்தியாவில் விதி வேறு. இந்திய வம்சாவளி வீரர் இந்தியாவுக்கு ஆட வேண்டுமென்றால் வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025-இல் அப்படித்தான் இந்தியரானார். என் அணியின் குஜராத்திப் பிள்ளைகளில் ஒருவன் நாளை நன்றாக ஆடினாலும், இந்தியாவுக்காக ஆட அவன் தன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

2025 நவம்பர் 18, டாக்கா. மறுபடி இந்தியாவுடன் ஆட்டம். இரண்டு அணிகளும் ஏற்கெனவே ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்துவிட்டன, இருந்தும் அரங்கம் கொதித்தது. 11-ஆவது நிமிடத்தில் ஷேக் மொர்சாலின் அடித்த ஒரே கோலில் வங்காளதேசம் வென்றது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவை வென்ற ஆட்டம். நான் இந்தியா வெல்ல வேண்டும் என்று பார்த்தவன். முதல் பாதியில் வங்காளதேச கோல்கீப்பர் தன் இடத்தில் இல்லாத ஒரு கணத்தில் இந்தியாவின் சாங்டே கோலை நோக்கி அடித்தார், கோல் என்றே எழுந்துவிட்டேன். ஹம்ஸா அங்கே நின்று தலையால் முட்டி வெளியே தள்ளினார்.

பிள்ளைகள் ஃபோனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்த பைசைக்கிள் கிக்கைத்தான். அடுத்த பயிற்சியில் நான் அவர்களுக்கு இந்தத் தடுப்பை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். "கோச், அவர் டிஃபெண்டரா?" என்று ஒருவன் கேட்டான். மிட்ஃபீல்டர் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னான்.