பொங்கல் பானையில் ஆவி பறக்க 12 ஃப்ரேம்

லயத்து வாசல், மூன்று கல் அடுப்பு, மஞ்சள் கட்டிய பானை, பின்னால் தேயிலை மலை. ஜிஃப் என்கிற அசையும் படமாகச் செய்யும் மலையகத்துப் பொங்கல் வாழ்த்துக்கு இவ்வளவு போதும். இணையத்து டெம்பிளேட்டில் வருகிற வயலும் காளையும் நமக்கு எதற்கு? அசைய வேண்டியது ஆவி மட்டும். சூரியனும் சுற்றி, எழுத்தும் மின்னினால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும், ஃபைலும் ஊதிப்போகும்.

இலவசமாகக் கிடைக்கிற ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் 480க்கு 480 பிக்சல் படம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மலையை வரைந்ததும் கை தானாக மூடுபனி போடப் போகும். ஜிஃப் காலை வாருவது அங்கேதான். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது அசைவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், 256 நிறத்துக்கு மேல் கிடையாது. பச்சையிலிருந்து வெள்ளைக்கு மெல்லக் கரைகிற பனி பட்டை பட்டையாக உடைந்து நிற்கும். இருக்கிற நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து காட்டும் டிதரிங்கைப் போட்டால் பட்டை மறையும். ஆனால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புள்ளிகள் இடம் மாறி எறும்பு ஊர்வதுபோல் தெரியும். ஒரே நிறம் தொடர்ந்து வந்தால்தான் ஜிஃப் நன்றாகச் சுருங்கும் என்பதால் அளவும் ஏறும். கரைய விடாமல், காகிதம் வெட்டி ஒட்டியதுபோல நான்கு தட்டை நிறங்களில் மலைகளை அடுக்குங்கள், தூரத்து மலை வெளிறியதாக. விடியற்காலையில் மலை அப்படித்தான் தெரிகிறது.

ஆவிக்கு 80 பிக்சல் அகலம், 120 உயரத்தில் தனி லேயர் (படத்தின் மேல் அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி). இரண்டு மூன்று வளைந்த இழைகள். லேயர் மெனுவில் ஒஃப்செட்டை எடுத்து, சுற்றி வரும்படி வைத்து, செங்குத்தாக 60 தள்ளினால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நடுவில் வந்து முட்டும். ஒட்டுத் தெரிகிற இடத்தை, விரலால் தேய்ப்பதுபோல் நிறத்தை இழுக்கும் ஸ்மட்ஜ் கருவியால் தேய்த்துச் சேருங்கள். இந்த லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, மேலே போகப் போக மறையும்படி குரூப்புக்கு மாஸ்க் (வேண்டிய இடத்தை மறைக்கும் திரை) கொடுங்கள். இல்லாவிட்டால் ஆவியின் தலையைக் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும்.

இனி, திரையில் தெரிவதை அப்படியே புதிய லேயராக்கும் 'நியூ ஃப்ரம் விசிபிள்' ஒன்று எடுத்து (இதுதான் ஒரு ஃப்ரேம்), பட்டியலின் உச்சிக்கு இழுத்து, அதன் கண் குறியை அணையுங்கள். ஆவி லேயரை அதே ஒஃப்செட்டில் செங்குத்தாக –10 தள்ளி அடுத்ததை எடுங்கள். கண்ணை அணைக்க மறந்தால் அடுத்த ஃப்ரேமும் அச்சு அசலாக முதலாவதாகவே வரும். 12 போதும்: 13வது என்பது முதலாவதேதான், அதையும் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். முடிந்ததும் மூல லேயர்களை அழிக்கும் முன் வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்.

எல்லாக் கண்களையும் திறந்து, படத்தை இன்டெக்ஸ்ட் முறைக்கு (எண்ணிக்கை குறித்த நிறப் பட்டியலுக்கு) மாற்றுங்கள்: 64 நிறம், டிதரிங் இல்லாமல். பிறகு ஃபில்டர்ஸில் அனிமேஷன், 'ஒப்டிமைஸ் ஃபோர் ஜிஃப்'. மாறாத தேயிலை மலையை 12 தடவை சுமக்காமல் ஆவி அசைகிற துண்டை மட்டும் அது வைத்துக்கொள்ளும். ஏற்றுமதியில் 'அனிமேஷனாக', முடிவில்லாச் சுழற்சி, ஃப்ரேமுக்கு 100 மில்லிசெக்கன்.

வாழ்த்தை பின்னணியிலேயே, ஃப்ரேம் எடுக்கும் முன் எழுதிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரியை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடில் அடித்து நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போடலாம். எழுத்து 36 பிக்சலுக்குக் கீழே போனால் ஃபோனில் புள்ளி கரைந்துவிடும். பச்சை மேல் சிவப்பு எழுத்து வேண்டாம்: வட்ஸ்அப் ஜிஃப்பை வீடியோவாக மாற்றித்தான் அனுப்புகிறது, அந்த மாற்றத்தில் எழுத்தின் ஓரங்கள் கலங்கிவிடும். மூல ஜிஃப்பே போய்ச் சேர வேண்டுமென்றால் டொகுமென்டாக அனுப்புங்கள்.