குதிகால் நாணும் முதல் மராத்தானும்: மாட்டுங்காவிலிருந்து ஒரு பயிற்சிக் குறிப்பு

மும்பை மராத்தான் வழக்கமாக ஜனவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுகிறது. அதன் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டரை முதன்முறையாக ஓடி முடிக்க வேண்டும் என்ற விருப்பத்துடன் மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியில் இறங்கினேன். வாரத் தொலைவு கூடிவந்த நாட்களில் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் வலது குதிகால் நாணில் (Achilles tendon) வலி கண்டது. ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடேறியதும் அடங்கி, மறுநாள் காலை படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் கடும் விறைப்பாகத் திரும்பி வருவது அதன் இயல்பாக இருந்தது.

சயானில் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட், நாணை இரு விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்து, குதிகால் எலும்பிலிருந்து நான்கு சென்டிமீட்டர் மேலே தடிப்பு இருப்பதைக் காட்டினார். வலி எந்த இடத்தில் இருக்கிறது என்பது மிகவும் முக்கியமானது. நாணின் நடுப்பகுதியில் பாதிப்பு இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கிப் பயிற்சி செய்யலாம். எலும்போடு நாண் சேரும் இடத்திலேயே பாதிப்பு இருந்தால் அவ்வாறு இறக்குவது நாணை எலும்போடு அழுத்தி வலியைக் கூட்டும் என்பதால், சமதளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். “ஓய்வு எடுத்தால் வலி குறையும் சார், ஆனால் நாணுக்குப் பலம் வராது” என்று அவர் சொன்னதுதான் என் பயிற்சித் திட்டம் முழுவதையும் மாற்றியது.

அவர் கற்றுக்கொடுத்தது, சுவீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழுவினர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின் வழி வந்த பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் உதவியால் மேலே எழும்பி, பின்னர் உடலின் எடை முழுவதையும் வலிக்கும் காலில் ஏற்றிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் மூன்று சுற்றுகள். பிறகு, கெண்டைக்காலின் உள்தசைக்கும் வேலை கிடைப்பதற்காக, முழங்காலைச் சற்று மடக்கி மேலும் மூன்று சுற்றுகள். இதைக் காலையும் மாலையும், தொடர்ந்து 12 வாரங்கள் செய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தின் மாடிப்படியும் அதன் கைப்பிடியும் இதற்குப் போதுமானவையாக இருந்தன. வலியின்றிச் செய்ய முடிந்த நிலை வந்ததும், முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துச் சுமையைக் கூட்டினேன். தொடக்க வாரங்களில் பலன் ஏதும் தெரியாது. நாணுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தசைக்குச் செல்வதை விடக் குறைவு என்பதால், அது தேறுவதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கிறது.

எவ்வளவு ஓடலாம் என்பதை முடிவு செய்ய, ஓடும்போது தோன்றும் வலியைக் காட்டிலும் மறுநாள் காலை விறைப்பையே நம்பத்தகுந்த அளவுகோலாகக் கொள்கிறேன். பத்துக்கு ஐந்து என்ற அளவுக்கு உட்பட்ட வலி பயிற்சியின்போது இருந்தாலும், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அதே அளவைத் தொடரலாம். விறைப்பு முந்தைய நாளை விடக் கூடியிருந்தால் தொலைவைக் குறைக்க வேண்டும். கடினமான ஓட்டத்துக்குப் பிந்தைய முதல் 24 முதல் 36 மணி நேரத்தில் நாணுக்கு உறுதி தரும் புரதமான கொல்லாஜன் உருவாவதை விடச் சிதைவதே மிகுதி என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே ஓடுகிறேன். இடைப்பட்ட நாட்களில் உடற்பயிற்சிக் கூடத்தின் நிலைச் சைக்கிள்.

ஓட்டத்தை ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றியுள்ள சமமான சாலைகளில், சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற முறையில் மீண்டும் தொடங்கினேன். ஏற்றத்தில் கணுக்கால் மிகுதியாக மடங்கி நாண் இழுபடும் என்பதால், ஏற்றமுள்ள பெடர் சாலைப் பக்கம் இன்னும் போகவில்லை. மும்பையில் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லோக்கல் ரயிலுக்காக ஏறி இறங்கும் நடைமேம்பாலப் படிகளும் நாணுக்குச் சுமையே. நெடுந்தொலைவு ஓடிய மறுநாள் நான் மின்தூக்கி உள்ள பக்கமாகவே செல்கிறேன்.

வலி நிவாரண மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; கவனிக்க வேண்டிய வலியையே அது மறைத்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் குதிகால் நாண் கிழியும் அபாயத்தைக் கூட்டக்கூடியவை. ஆகவே, காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்கிற்கோ மருத்துவரிடம் செல்லும் ஓட்டக்காரர்கள் தங்கள் நாண் பாதிப்பைச் சொல்லிவிடுவது அவசியம்.

இப்போது நடை இடைவெளி இல்லாமல் பத்து கிலோமீட்டர் ஓட முடிகிறது. காலை விறைப்பு சில அடிகளிலேயே விட்டுவிடுகிறது, தடிப்பு மட்டும் சற்று மீதமிருக்கிறது. அடுத்து, வார இறுதி ஓட்டத்தின் தொலைவை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டி, அது நிலைபெற்ற பிறகே மெதுவான வேகத்தில் ஏற்றங்களைச் சேர்க்கப் போகிறேன். படிப்பயிற்சியை, வாரத்துக்கு மூன்று நாட்களாகக் குறைத்து, போட்டி நெருங்கும் வரை தொடர்வேன். டிசம்பருக்குள் 30 கிலோமீட்டரை நாண் தாங்கினால் இந்த ஜனவரியிலேயே தொடக்கக் கோட்டில் நிற்பேன். தாங்காவிட்டால் அதற்கடுத்த ஆண்டுக்குப் பதிவு செய்வேன்.